அட்டையில் எந்தப் பெயர்?

(டூங்கபியில் மூத்தோர் கூடிய தமிழ் மாலை ஒன்றில் பேசியது. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)

அவையிலுள்ள பெரியோருக்கும், அவர்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போகவும் மனமில்லாமல் கேட்கவும் மனமில்லாமல் கடைசி வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "தபால் கந்தோரைப் பற்றிக் கதைக்க என்ன இருக்குது? அது சாகப்போற சாமான்." சாகப்போகிறவரைப் பற்றித்தானே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும் என்றேன். வடை ஆறமுன் முடித்துவிடுகிறேன்.

முதலில் ஒரு மொழிபெயர்ப்பு. நான் தபால் கந்தோர் என்பேன், முத்திரை என்பேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் போஸ்ட் ஆபீஸ், ஸ்டாம்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் சென்னைத் தம்பி ஒருவரிடம் "முத்திரை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் பரதநாட்டிய வகுப்பு ஒன்றின் விலாசத்தைத் தந்தார்.

போன வருடம் ஒரு நாள் என் வீட்டுத் தபால் பெட்டியில் ஓர் அட்டை கிடந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த அட்டைதான்: வந்தோம், நீங்கள் இல்லை, கந்தோரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நான் பின்வளவில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மனிசிக்குக் காது மந்தம். ஆகவே குற்றம் எங்கள் பக்கம். அட்டையையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் ஒரு பஞ்சாபிப் பிள்ளை. உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்தது. பழுப்புத் தாள், சணல் நூல், நூலின் முடிச்சில் அரக்கு. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனைக்கோட்டைச் சின்னம்மா. இந்தக் காலத்தில் அரக்கு உருக்கி ஊற்றுகிற ஆள் வேறு யார்?

அந்தப் பிள்ளை பார்சலைப் பார்த்தது, லைசென்ஸைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "இது யார்?" என்று கேட்டது. பார்சலில் சின்னம்மா எழுதியிருந்த பெயர் 'ராசன்'. என்னைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அவருக்கு நான் ராசன்தான். லைசென்ஸிலோ முதலில் என் பெயர், பிறகு என் அப்பாவின் பெயர், இரண்டும் சேர்ந்து அந்தச் சின்ன அட்டையின் அகலத்துக்கு ஓடுகிறது. அதில் ராசன் எங்குமே இல்லை. "நான்தான்" என்றேன். அது சிரித்தது. ஆனால் பார்சல் அதன் கைக்குக் கீழேயே இருந்தது. அது செய்தது சரி. என் இடத்தில் வேறு யாரும் நின்று "நான்தான் ராசன்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

மறுநாள் கரண்ட் பில், பாஸ்போட், ஊரிலிருந்து வந்த ஒரு பழைய கடிதம் எல்லாம் கொண்டுபோய், விலாசத்தைப் பொருத்திக் காட்டி, அனுப்பியவர் பெயர், ஊர் எல்லாம் சொல்லி எடுத்து வந்தேன். உள்ளே ஒரு வேட்டி, ஒரு வாக்கிய பஞ்சாங்கம். அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும்போது ஆரேலியா வீதியில் நடந்துகொண்டே யோசித்தேன்: இந்த ஊரில் தபால் கந்தோர் எந்த நாளும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீ யார், அதற்கு என்ன அத்தாட்சி?

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன். படித்தால், இந்த நாட்டில் தபால் கந்தோர் பிறந்ததே அந்தக் கேள்வியில்தான்.

1788 சனவரியில் வெள்ளைக்காரரின் முதல் கப்பற்கூட்டம் சிட்னிக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டேகால் வருடத்துக்கு மேல் அவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு வரி இல்லை. ஊர் இருக்கிறதா, அரசன் இருக்கிறானா, பெற்ற தாய் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. 1790 யூன் 3ஆம் திகதி லேடி ஜூலியானா என்ற கப்பல் வந்தபோதுதான் முதல் கடிதங்கள் வந்தன. வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி அந்த நாளை எழுதிவைத்திருக்கிறார். கப்பல் கரைக்கு வரும் வரை பொறுக்கமுடியாமல் படகில் ஏறி எதிர்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அதைப் படித்தபோது எனக்கு வெள்ளைக்காரர் மேல் முதல் தடவையாக ஓர் இரக்கம் வந்தது. நாங்களும் அப்படி நின்றவர்கள்தானே. ஆனால் இந்த மண்ணின் சொந்தக்காரரான டாருக் மக்களுக்கு அந்தக் கப்பல்கள் கொண்டுவந்தது கடிதம் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 'டூங்கபி' என்பதே அவர்களுடைய சொல். நீருக்கு அருகே என்று பொருள் சொல்வார்கள்.

பிறகு கப்பல்கள் அடிக்கடி வரத் தொடங்கின. அதோடு களவும் தொடங்கியது. கப்பல் வந்து நங்கூரம் போட்டவுடன் ஆட்கள் ஏறிப் போய், "நான்தான் இன்னார்" என்று சொல்லி, அடுத்தவன் கடிதத்தையும் பார்சலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முறைப்பாடு அரசாங்கத்துக்குப் போனது. 1809 ஏப்ரல் 25ஆம் திகதி ஐசக் நிக்கல்ஸ் என்பவரைச் சிட்னியின் முதல் தபால் அதிபராக நியமித்தார்கள். இனி வேறு யாரும் கப்பலில் ஏறித் தபால் எடுக்கக்கூடாது, அவர்தான் எடுத்து வருவார். ஜோர்ஜ் வீதியில் இருந்த அவருடைய வீடே தபால் கந்தோர். கடிதம் வந்தவர்களின் பெயர்களைச் சிட்னி கெசட்டில் போடுவார்கள். பெயரைப் பார்த்துவிட்டுப் போய், கடிதம் ஒன்றுக்கு ஒரு சிலிங் கொடுத்து எடுக்கவேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நிக்கல்ஸ் இந்த நாட்டுக்கு வந்ததே களவுக் குற்றத்துக்காக. 7 வருடத் தண்டனை. 1791இல் கப்பலில் வந்து இறங்கினார். அதே 1791இல்தான் இங்கே, நாங்கள் இருக்கும் டூங்கபியில், கைதிகளைக் கொண்டு அரசாங்கப் பண்ணை தொடங்கினார்கள். கள்வனைப் பிடிக்கக் கள்வனை வைப்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்த உபாயம்தான். மனுசன் ஒழுங்காகவும் செய்தார், சாகும் வரை, 10 வருடம்.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் 'மே/பா' போட்டுக் கடிதம் வாங்கியவர்கள்? கை தூக்குங்கள். (பலர் கை தூக்கினர்.) பின்வரிசைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மேற்பார்த்து என்பதன் சுருக்கம் அது. உனக்கென்று விலாசம் இல்லாதபோது, விலாசம் உள்ள இன்னொருவரின் பெயருக்குக் கீழே உன் பெயரைத் தொங்கவிடுவது. அவுஸ்திரேலியாவில் என் முதல் இரண்டு வருடமும் மே/பா வருடங்கள். ஹோம்புஷில் ஒரு வீட்டில் ஏழு பேர். வாடகை ஒப்பந்தம் ஒருவரின் பெயரில், கரண்ட் பில் ஒருவரின் பெயரில். மற்ற ஐந்து பேரும் சட்டத்தின் கண்ணுக்கு ஆவிகள்.

ஏனென்றால் அந்த நாளில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வங்கிக் கணக்குத் திறக்க 100 புள்ளி அத்தாட்சி காட்டவேண்டியிருந்தது. பாஸ்போட்டுக்கு 70. மீதி 30ஐ எங்கே தேடுவது? லைசென்ஸ் இருந்தால் சரி. லைசென்ஸ் எடுக்க விலாசம் வேண்டும். விலாசத்துக்கு அத்தாட்சி, உன் பெயருக்குத் தபாலில் வந்த ஒரு பில். பில் வர, உன் பெயரில் ஏதாவது கடன் இருக்கவேண்டும். ஊரில் கடன் இல்லாதவன் மதிப்பானவன். இங்கே கடன் இல்லாதவன் ஆளே இல்லை! முதன்முதலாக என் பெயரைத் தாங்கி வந்த டெலிஃபோன் பில்லை நான் மூன்று வருடம் ஒரு கோப்பில் வைத்திருந்தேன். 43 டொலர். இன்றுவரை எந்தக் காதல் கடிதத்தையும் அப்படிப் பாதுகாத்ததில்லை. மனிசி இங்கேதான் இருக்கிறா, காது மந்தம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பிறகு டூங்கபிக்கு வீடு வாங்கி வந்தோம். ஊருக்கு விலாசம் எழுதி அனுப்பியபோது சின்னம்மா கேட்டார், "இதென்ன வீதிப் பேர், வேதக்காரப் பொம்பிளையள் மாதிரி?" நல்ல காது அவருக்கு. ஆரேலியா, கொர்னேலியா, மெட்டெல்லா, போர்ஷியா எல்லாம் பழைய ரோமாபுரிப் பெண்களின் பெயர்கள். யாரோ ஒருவர் இங்கே நிலம் பிரித்தபோது ரோமச் சரித்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். டாருக் பெயர் வைத்த ஊரில், ரோமப் பெண்ணின் பெயர் வைத்த வீதியில், யாழ்ப்பாணத்து ராசன்.

வீதி எதுவானாலும் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த நாலு இலக்கம்தான். 1967இல் இந்த நாடு முழுவதற்கும் அஞ்சல் குறியீடு கொடுத்தார்கள். இந்தியாவுக்கு ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் திகதி. டூங்கபிக்கு 2146. பக்கத்தில் பென்டில் ஹில், வென்ட்வேத்வில், ஜிறாவீன் எல்லாம் 2145. முன்னால் நிற்கும் 2ஐ ஒழுங்காக எழுதுங்கள். விக்டோரியாவில் கிப்ஸ்லாண்ட் பக்கத்திலும் ஒரு டூங்கபி இருக்கிறது. அங்கே குறியீடு 3இல் தொடங்கும். மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டிய சின்னக் கிராமம், பசு மேய்கிற இடம். 2க்குப் பதில் 3 போட்டால் உங்கள் மகளின் பூப்புனித நீராட்டு அழைப்பிதழ் அந்தப் பசுக்களுக்குப் போகும்.

சின்னம்மாவின் விலாசத்தில் வீட்டு இலக்கமே கிடையாது. பெயர், வைரவர் கோவிலடி, ஆனைக்கோட்டை. அவ்வளவுதான். தபால்காரருக்கு வாசலில் நிற்கும் மாமரம் தெரியும், அந்த வீட்டில் யார் வெளிநாட்டில் என்றும் தெரியும். கடிதத்தின் பாரத்தைப் பார்த்தே உள்ளே படம் இருக்கிறதா என்று சொல்வார். அங்கே அத்தாட்சி என்பது முகம். நாங்கள் முகத்தை விட்டுவிட்டு இலக்கத்துக்கு வந்தவர்கள். அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. முகம் தெரிந்த ஊரில் முகம் தெரிந்ததாலேயே ஒளித்து வாழவேண்டி வந்த காலமும் இருந்தது.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1990இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை கிழமை என்று யாராலும் சொல்லமுடியாது. இங்கிருந்து கொழும்பில் ஒருவருக்கு. அவர் இன்னொருவரிடம். அவர் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடக்கிறவர்களின் மடியில் வைத்துவிடுவார். அந்தக் கடலில் எத்தனை பேர் போனார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு மூன்று பிரதி எழுதுவோம், ஒன்றாவது போகட்டும் என்று. ஏரோகிராமில் எழுதிப் பழகிய கை அது. நீலத் தாள், மூன்றாக மடிப்பது, மடிப்பின் ஓரத்திலும் எழுதி, பசை பூசும் இடத்துக்கு மேலேயும் எழுதி, உள்ளே ஒரு துண்டும் வைக்கக்கூடாது. பிறகு செஞ்சிலுவைத் தாள் வந்தது. அது திறந்த தாள், உறையில்லை. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். யாரும் படிக்கலாம். "நாங்கள் எல்லோரும் சுகம், மாடு கன்று ஈன்றது" என்று அப்பா எழுதியிருந்தார். எங்களிடம் மாடே கிடையாது. அது என்ன சங்கேதம் என்று நானும் அண்ணாவும் ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தோம். பிறகு தெரிந்தது, இடம்பெயர்ந்து போய் இருந்த வீட்டுக்காரரின் மாடு. எழுத வேறு நல்ல செய்தி இல்லை, அவ்வளவுதான்.

சிட்னியின் கடிதங்களுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு எங்களோடு தொடங்கியது அல்ல. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நித்திரை வரவில்லை. 1860களில் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகும் தபால் பி அண்ட் ஓ கம்பனிக் கப்பலில் மெல்பேர்ன் வழியாக, மேற்கே கிங் ஜோர்ஜ் சவுண்டில் கரி ஏற்றிக்கொண்டு, நேரே காலித் துறைமுகத்துக்குப் போகும். எங்கள் காலி! அங்கே கல்கத்தாவிலிருந்து சூயஸ் போகும் கப்பலுக்குப் பைகளை மாற்றுவார்கள். வரும் கடிதமும் அப்படியே. சிட்னிக்காரன் ஒவ்வொருவனும் தன் தாயின் கையெழுத்தைக் காண முதலில் அது காலிக் கோட்டையின் காற்றைப் பட்டு வரவேண்டும். கப்பல் கொண்டுவரும் உலகச் செய்தியைக் காலியிலிருந்து கொழும்புக்குச் சுருக்காகக் கொண்டுபோகச் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை 1850களில் புறா வளர்த்தது. தந்திக் கம்பி வந்தபின் புறாக்களுக்கு ஓய்வு.

1871 நவம்பர் 1ஆம் திகதி றங்கூன் என்ற கப்பல் அவுஸ்திரேலியாவுக்கான தபாலோடு காலியை விட்டுப் புறப்பட்டு, துறைமுக வாசலிலேயே ஒரு பாறையில் மோதித் தாண்டுபோனது. மீட்கப்பட்ட தபாலில் சில கடிதங்கள் முத்திரை சேகரிப்பவர்களின் கையில் இன்றும் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஊறிய கடிதத்துக்குப் பெயரும் விலாசமும் அழியாமல் இருந்தால்தான் வழி. மை நல்லதாக இருந்தவனுக்குக் கடிதம். சின்னம்மா இப்போதும் பார்சலில் பென்சிலால் எழுதி, அதன்மேல் பேனாவால் எழுதி, அதன்மேல் செலோடேப் ஒட்டுவார். அவருக்கு றங்கூன் கதை தெரியாது. மாரி மழை தெரியும்.

இனி இன்றைய நிலை. இந்த நாட்டில் கடிதம் உச்சத்தில் இருந்தது 2008ஐ ஒட்டி. அதிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 2024இலிருந்து சாதாரணக் கடிதம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. 2025 யூலையில் முத்திரை 1 டொலர் 70 சதம் ஆனது. டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய், 1624இல் தொடங்கிய அரசுத் தபாலில் கடிதம் விநியோகிப்பதை 2025 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. சிட்னியில் மாட்டின் பிளேஸில் இருக்கும் பழைய ஜி.பி.ஓ. இப்போது ஃபுல்லர்டன் ஹோட்டல். சிங்கப்பூரின் பழைய ஜி.பி.ஓ.வும் ஃபுல்லர்டன் ஹோட்டல்தான். இரண்டிலும் கடிதம் வந்து கிடந்த இடத்தில் இப்போது பெட்டியோடு ஆள் வந்து கிடக்கிறார்.

ஆனால் கந்தோருக்குப் போய்ப் பாருங்கள், வரிசை குறையவில்லை. பார்சல் எடுக்க ஒருவர். பாஸ்போட் விண்ணப்பத்துக்குச் சிரிக்காமல் படம் பிடிக்க ஒருவர். பக்கத்து வங்கிக் கிளை மூடிவிட்டதால் காசு போட வந்த ஒருவர். இந்த நாட்டின் தபால் கந்தோர்களில் பாதிக்கு மேல் லைசென்ஸ் எடுத்துத் தனியார் நடத்துபவை. அதனால்தான் மேற்குச் சிட்னியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் பெரும்பாலும் எங்களைப் போல வந்து சேர்ந்தவர். பென்ஷன் கார்ட் வைத்திருக்கும் அக்காமாருக்கு ஒன்று: சலுகை முத்திரை 60 சதம்தான், வருடத்துக்கு 50 வரை. கேட்டால்தான் தருவார்கள். கேளுங்கள்.

ஊருக்குப் பார்சல் போடுகிறவர்களுக்கும் ஒன்று. சுங்கப் படிவத்தில் 'சாமான்' என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள், 'பரிசு' என்றாலும் போதாது. ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும்: பருத்திச் சட்டை 2, பிள்ளைச் சப்பாத்து 1 சோடி, பெறுமதி இவ்வளவு. என் முன்னால் நின்ற ஓர் அம்மா, பிறந்தநாளுக்குக் கிடைத்த சேலையை மகளுக்கு அனுப்பினார். பெறுமதி தெரியாது. தந்தவர்களுக்கு ஃபோன் எடுத்துக் கேட்கவா முடியும்? பத்து நிமிடம் யோசித்து 40 டொலர் போட்டார். பிறகு வெளியே வந்து என்னிடம், "அவை அவ்வளவுக்கு வாங்கியிருக்கமாட்டினம்" என்றார். 20 கிலோவுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். வாசனைத் திரவியம் விமானத்தில் ஏறாது. அங்கிருந்து வருவதில் விதை, பச்சைக் கறிவேப்பிலை இரண்டையும் மறந்துவிடுங்கள். நாயும் எக்ஸ்ரேயும் கண்டுபிடித்துவிடும். சின்னம்மா பஞ்சாங்கத்தின் நடுவில் பாவற்கொட்டை நாலு வைக்கப் பார்த்தார். நல்லவேளை ஃபோனில் சொல்லிவிட்டார், தடுத்துவிட்டேன். "பஞ்சாங்கத்துக்குள்ள ஆர் பாப்பினம்?" என்று கோபம் வேறு.

அந்தப் பார்சல் விஷயம் முழுதும் நான் இன்னும் சொல்லவில்லை. வேட்டி வந்த அன்றிரவே சின்னம்மாவுக்கு ஃபோன் எடுத்து, இனிமேல் ராசன் என்று எழுதவேண்டாம், என் முழுப்பெயரை எழுதுங்கோ என்றேன். "உன்ர முழுப்பேர் ஆருக்கு ஞாபகம்? எழுதி அனுப்பு" என்றார். எழுதினால் எங்காவது ஓர் எழுத்து விடுவார் என்று பயந்து, லைசென்ஸைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ சின்னம்மா" என்றேன்.

போன மாதம் அடுத்த பார்சல் வந்தது. இந்தமுறை நான் வாசலில்தான் இருந்தேன், கையிலேயே வாங்கினேன். பழுப்புத் தாள், சணல், அரக்கு. என் பெயர், அப்பாவின் பெயர், ஓர் எழுத்துப் பிசகில்லை. கொர்னேலியா வீதி, டூங்கபி, 2146. அதற்குக் கீழே என் பிறந்த திகதி. அதற்குக் கீழே லைசென்ஸ் இலக்கம். வகுப்பு சி. காலாவதித் திகதி. எல்லாவற்றுக்கும் கீழே, அரக்குக்குப் பக்கத்தில் கிடைத்த சின்ன இடத்தில், தமிழில்: ராசன்.